ஒழுகுற இடம் ஒண்ணு, காரணம் வேற! - தாத்தாவின் அம்பாசடர் சொல்லிக்கொடுத்த ஆயில் பாடம்

திருச்சியில் எங்கள் வீட்டு போர்ட்டிகோ தரையில் நாலு கறுப்புக் கறைகள் இருக்கின்றன. அம்மா சோப்புத்தூள், மண்ணெண்ணெய், மரத்தூள் என எதைப் போட்டுத் தேய்த்தாலும் மறுநாள் காலையில் அதே இடத்தில் புதுசாக ஆயில் சொட்டியிருக்கும். கறைகளுக்கு மேலே நிற்பது தாத்தாவின் அம்பாசடர் மார்க் 4. 1986-ல் புதுசாக வாங்கிய வண்டி. என் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது மாலையும் கழுத்துமாக ஏறிய கார், நான் பிறந்ததும் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கார்.

போன தீபாவளிக்கு நான் சென்னையிலிருந்து ஊருக்குப் போனபோது, பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் வாசலில் நின்று விலை பேசிக்கொண்டிருந்தார். அம்மாவையும் குறை சொல்ல முடியாது. 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயில் ஒழுகும் வண்டியை ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது? அதற்கு முன்பு வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், “இன்ஜினை இறக்கி ஃபுல் ஓவர்ஹால் பண்ணாம வேலைக்கு ஆகாது” என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னொருவர் டியூபில் வரும் கேஸ்கெட் பேஸ்ட்டைக் கண்ட இடத்திலெல்லாம் அப்பிவிட்டுப் போனார். ஒழுகல் பத்து நாள் நின்று, பதினோராவது நாள் திரும்பி வந்தது.

தாத்தா எதுவும் பேசவில்லை. ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியை எடுத்துக்கொண்டுபோய் காருக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஸ்பேனரோடு இறங்கினேன். இன்ஜினின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் ராக்கர் கவரைச் சுற்றி ஆயில் கசிந்திருந்தது. ‘நட்டு லூஸ் போல’ என்று இரண்டு நட்டுகளையும் பலம் கொண்டமட்டும் இறுக்கினேன். மறுநாள் டின் மூடி நிரம்பிவிட்டது!

அப்போதுதான் தாத்தா வாயைத் திறந்தார். “பாய்க்கு போன் போடு கண்ணு.”

முதலில் குளிப்பாட்டு

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒருகாலத்தில் ஊரில் ஓடிய டாக்ஸி அம்பாசடர்களில் பாதிக்கு வைத்தியம் பார்த்தவர் என்று தாத்தா சொல்வார். வந்தவர் டூல் பாக்ஸைத் திறக்கவே இல்லை. “ஒரு பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டா பாப்பா” என்றார்.

அரை நாள் முழுக்க இன்ஜினைக் கழுவினோம். பல வருடத்து ஆயிலும் தூசியும் சேர்ந்து இட்லித்தட்டு கனத்துக்கு அப்பியிருந்தது. கழுவித் துடைத்துக் காயவிட்ட பிறகு, பாய் அம்மாவிடம் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பவுடரை இன்ஜின் முழுக்கத் தூவினார். கீழே செய்தித்தாள் விரித்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓடவிட்டார்.

வெள்ளைப் பவுடரில் ஆயில் ஓடிய தடம் கோடு போட்டதுபோலத் தெரிந்தது. எது ஒழுகுகிறது என்று கீழே படுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதுதான் பாய் சொல்லித்தந்த முதல் பாடம். ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால், சொட்டு விழும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் ஆரம்பிக்கும் இடங்களில் எது மேலே இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் இன்ஜினின் பின்பக்கம் சொட்டிய ஆயிலில் பெரும்பகுதி ராக்கர் கவரிலிருந்து வழிந்து வந்தது. நான் இறுக்கிக் கெடுத்த அதே ராக்கர் கவர்!

இங்கிலாந்தில் பிறந்த இதயம்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழி வந்தது. 1950-களின் கடைசியில் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றது. எங்கள் மார்க் 4-ல் இருப்பது பி.எம்.சி ‘பி’ சீரிஸ் என்ற 1,489 சி.சி பெட்ரோல் இன்ஜின். நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு உடம்பு, கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பேரிங். முரட்டு இன்ஜின். ஆனால், ஆயிலை உள்ளே பிடித்துவைக்கும் விஷயத்தில் இன்றைய கார்களோடு ஒப்பிடவே முடியாது. மேலே, பக்கவாட்டில், கீழே என்று பல இடங்களில் கார்க் பேக்கிங். ஆமாம், பாட்டில் மூடியில் இருக்குமே, அதே கார்க்தான்.

கார்க் காய்ந்தால் சுருங்கும். அதிகமாக இறுக்கினால் நசுங்கிப் பிதுங்கும். ராக்கர் கவர் மெல்லிய தகடு. இரண்டே நட்டுகள் மேலிருந்து அழுத்துகின்றன. நான் இறுக்கிய இறுக்கில் தகடு வளைந்து, ஓரம் தூக்கிக்கொண்டது. பாய் அதைக் கழற்றி, கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் கவிழ்த்து வைத்துக் காட்டினார். ஓரத்துக்கு அடியில் போஸ்ட் கார்டு நுழைகிற இடைவெளி. மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டித் தட்டி நேராக்கினார். புது கார்க்கைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டி, ஹெட் பக்கம் லேசாக கிரீஸ் தடவிப் பொருத்தினார். அப்படிச் செய்தால் டேப்பட் அட்ஜஸ்ட் செய்ய அடுத்த முறை திறக்கும்போது பேக்கிங் கிழியாது.

“இறுக்குறது வேலை இல்ல பாப்பா. எங்க நிறுத்தணும்னு தெரியுறதுதான் வேலை” என்றார். எனக்கு லேசாகக் குத்தியது.

பவுடர் காட்டிக்கொடுத்த இரண்டாவது இடம், சைடு கவர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இரண்டு சின்னத் தகடுகள். சூடு அடித்து அடித்து இவற்றின் கார்க் அப்பளமாகிவிடும். கை நுழையாத இடம் என்பதால் பல பேர் இதைத் தொடுவதே இல்லையாம். மூன்றாவது, முன்பக்கம் கிராங்க் புல்லி வெளியே வரும் இடத்தில் இருக்கும் ஆயில் சீல். நாலாவதுதான் பெரிய தலைவலி.

ரப்பரே இல்லாத இடம்

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில், இந்த இன்ஜினில் ரப்பர் சீலே கிடையாது! ஷாஃப்ட்டில் திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை, வெளியே வரப் பார்க்கும் ஆயிலைத் திரும்ப உள்ளேயே தள்ளிவிடும். அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் அதற்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான். வண்டி ஓடும்போது வேலை செய்யும். நிறுத்தியதும், குறிப்பாக மூக்கு மேலே தூக்கியபடி மேட்டில் நிறுத்தினால், ஒன்றிரண்டு சொட்டு விழத்தான் செய்யும். இந்தக் குடும்பத்து இன்ஜின்களின் பிறவிக்குணம் அது.

ஆனால், சொட்டு சரமாக மாறினால் கவனிக்க வேண்டும். மெயின் பேரிங் தேய்ந்தால் கிராங்க் ஷாஃப்ட் ஆட்டம் கண்டு, அந்த மயிரிழை இடைவெளி ஒரு பக்கம் பெரிதாகிவிடும். ஆயில் கிளட்ச் தட்டில் பட்டால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் கூடும், வண்டி நகராது. இந்த இடத்தைச் சரிசெய்ய கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். பேரிங் தேய்மானம் என்றால் இன்ஜினையே இறக்க வேண்டும். முதலில் வந்த மெக்கானிக் சொன்ன பெரிய தொகை இதற்காகத்தான் இருக்கும். அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் தேவையா, தேவை இல்லையா என்று சோதிக்காமலே சொன்னார்.

மூச்சு முட்டினால் வேர்க்கும்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாய் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குக்கர் வெயிட்டைத் தூக்கினால் வருமே, அப்படிப் புகை குப்பென்று வந்தது. “பாத்தியா? உள்ள மூச்சு முட்டுது.”

எனக்குப் புரியும்படி அவர் சொன்னதன் சாரம் இது. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தத்தில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். புது இன்ஜினிலும் இது உண்டு. அந்தக் காற்று வெளியேற, சைடு கவரிலிருந்து ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழி தேடும். எங்கெல்லாம் பேக்கிங் பலவீனமாக இருக்கிறதோ, அங்கெல்லாம் ஆயிலையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். இந்த நிலையில் புது சீல் போட்டாலும் நிற்காது. பேஸ்ட் அப்பினாலும் நிற்காது. எங்கள் வீட்டில் பத்து நாள் கழித்து ஒழுகல் திரும்பி வந்த மர்மம் அதுதான்.

குழாயைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே தார் மாதிரி கெட்டியாக அடைத்திருந்தது. சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டுக் குடைந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்ய ஒரு ராத்திரி ஆனது. மறுபடி ஸ்டார்ட் செய்து மூடியைத் திறந்தால் புகை பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது? அதுதான் வண்டி இரும்புக் கடைக்கா, ரோட்டுக்கா என்பதை முடிவு செய்யும் கேள்வி.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டர்கள் 120 பி.எஸ்.ஐ-க்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே காட்டின. மூன்றாவது சிலிண்டர் மட்டும் 95. தாத்தா நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாய் அந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சோதித்தார். முள் 115-க்கு ஏறியது. ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவரில் குறை. ஏறாவிட்டால் வால்வில் குறை. ஆக, எங்கள் வண்டியில் ரிங் சமாசாரம்.

புகையும் ஒரு சாட்சி சொல்லும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு இறங்கி, பிறகு மிதிக்கும்போது குப்பென்று நீலப் புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். மிதித்துக்கொண்டே போகும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ரிங் மட்டும் மாற்றிவிடலாமே என்று கேட்டேன். பாய் தலையை ஆட்டினார். சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. ரிங் உரசும் மேல்பகுதி அதிகம் தேயும். அதற்கும் மேலே, ரிங் படாத இடத்தில் ஒரு விளிம்பு மிஞ்சி நிற்கும். தேய்ந்து நீள்வட்டமான சிலிண்டரில் புது ரிங் போட்டால் சுவரில் முழுசாகப் படியாது. கூர்மையான புது ரிங் அந்த விளிம்பில் இடித்து உடையவும் உடையும். அளந்து பார்த்துத் தேய்மானம் அதிகம் என்றால், லேத் பட்டறையில் போரிங் செய்து அடுத்த சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பத்து, இருபது, முப்பது, நாற்பது ‘தவ்’ என்று ஏறும். ஒரு தவ் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதையும் தாண்டினால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். கிராங்கும் இப்படித்தான் பத்துப் பத்தாகக் குறைத்துக் கடைந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறை கடையும்போதும் இன்ஜினின் ஆயுளில் ஒரு படி செலவாகிவிடுகிறது. அவசரப்பட்டுச் செலவழித்தால் திரும்பக் கிடைக்காது.

டைரி சொன்ன சாட்சி

“ஐயா, வண்டி எவ்வளவு நாளா நிக்குது?” என்று பாய் கேட்டார்.

தாத்தா உள்ளே போய் ஒரு கட்டு டைரிகளைக் கொண்டுவந்தார். பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், ஆயில் ஊற்றிய அளவு எல்லாம் 1986-லிருந்து நீல மையில் எழுதியிருந்தார். 2022 வரை, ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர்கூட ஊற்றியதில்லை. அந்த வருடம் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன். பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. 2024-ல் அப்பா வண்டியை எடுக்க ஆரம்பித்ததும், முந்நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர்!

அந்த வெறும் பக்கங்களைப் பார்த்ததும் பாய் முகம் தெளிந்தது. நின்றே கிடந்த வண்டியில் கார்க் காய்ந்து சுருங்கும், சீல் விறைக்கும், ரிங்குகள் தங்கள் பள்ளத்தில் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிங் ஓட ஓட விடுபடவும் வாய்ப்பு உண்டு. ஆயில் பிரஷர் கேஜைப் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்த்தார். ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ-யை ஒட்டி நின்றது. அடியில் தட்டும் சத்தம் இல்லை. கிளட்ச் வழுக்கவில்லை. “இன்ஜினை இப்பத் தொட வேணாம்யா. மேல்வேலையை முடிச்சு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க. அப்புறம் கேஜ் வெச்சுப் பாப்போம்.”

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்

நான் சென்னையில் வேலை பார்ப்பதால் பாகங்கள் வாங்கும் பொறுப்பு எனக்கு. பாய் தந்த ஒரே கட்டளை, பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போ என்பது. அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் புது உதிரி பாகங்கள். அம்பாசடர் உற்பத்தி நின்று இத்தனை வருடம் ஆகியும் பேக்கிங் செட், ஆயில் சீல் எல்லாம் கிடைத்தன. மொத்த பேக்கிங் செட்டின் விலை, எங்கள் குடும்பம் ஒருமுறை ஓட்டலில் சாப்பிடும் பில்லைவிடக் குறைவு. கார்க்கை லேசாக வளைத்துப் பார்த்து, நொறுங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கடையிலேயே பல வருடம் கிடந்து காய்ந்ததாக இருக்கும். முதல் கடையில் எனக்குக் காட்டியது அப்படித்தான் ‘மொடுக்’கென்றது.

புதுப்பேட்டைக்குப் போனது கிராங்க் புல்லிக்காக. பழைய சீல் வருடக்கணக்கில் உரசி உரசி, எங்கள் புல்லியின் கழுத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் புது சீல் போட்டாலும் பள்ளம் வழியே கசியும். கழற்றிய வண்டிகளின் பாகங்கள் மலைபோலக் குவிந்திருக்கும் அந்தத் தெருக்களில், மூன்று மணி நேரம் அலைந்து கழுத்து தேயாத புல்லி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதை ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

அடுத்த வாரம் திருச்சியில் வேலை. ரேடியேட்டரைக் கழற்றி, முன் கவரைத் திறந்து சீல் மாற்றினார் பாய். கவரை வைத்ததும் போல்ட்டுகளை முறுக்கிவிடாமல், முதலில் புல்லியைச் செருகி, சீல் அதன் கழுத்தைச் சுற்றி நடுவாக உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்கினார். கவர் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் சீல் ஒரு பக்கமே தேய்ந்து சீக்கிரம் போய்விடுமாம். பழைய பேஸ்ட்டைச் சுரண்டியபோது ரப்பர் புழு மாதிரி நீளநீளமாக வந்தது. வெளியே பிதுங்குகிற மாதிரியே அது உள்ளேயும் பிதுங்கும். துண்டு உடைந்து சம்ப்பில் விழுந்தால் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்துவிடும். ஆயில் போகாவிட்டால் பேரிங் தீய்ந்துவிடும். ஒழுகலை நிறுத்தப் போய் இன்ஜினையே காலி செய்கிற வழி அது. ஆயில் லைட் எரிந்தால் ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டாமல் அங்கேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள் என்று பாய் அப்பாவிடம் இரண்டு முறை சொன்னார்.

அதன்பிறகு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டுமே? அப்பாவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். ஸ்டீயரிங் கியர் எனக்குப் பழக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது. முக்கொம்பு, கல்லணை, சமயபுரம், ஒருமுறை தஞ்சாவூர். முன்சீட்டில் தாத்தா, மடியில் டைரி. ‘செகண்டுக்கு மாத்து கண்ணு’ என்பதைத் தவிர வழியில் அதிகம் பேச மாட்டார்.

பொங்கல் கழித்து பாய் மறுபடி கேஜோடு வந்தார். மூன்றாவது சிலிண்டர் 95-லிருந்து 108-க்கு வந்திருந்தது. முழுசாகத் தேறவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறலாம், ஏறாமலும் போகலாம் என்றார். எஃப்.சி-க்குக் கொண்டுபோன அன்று, அப்பா முந்தின ராத்திரி தூங்கவே இல்லை. அதிகாரி பானெட்டைத் திறந்து பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், ஹார்ன் அடிக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருடம்!

போர்ட்டிகோவில் இப்போது ஒரே ஒரு இடத்தில், பின்பக்கம், ராத்திரிக்கு ஒன்றிரண்டு சொட்டு விழுகிறது. ரப்பரே இல்லாத அந்த இடம்தான். பிஸ்கட் டின் மூடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் காபி குடித்ததும் தாத்தா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, சொட்டுகளை எண்ணி டைரியில் எழுதுகிறார்.